ரெண்டு பைக் எஞ்சினும் ஒரு நடுப்பெட்டியும்

இரண்டு பைக் எஞ்சினை ஒன்றாகச் சேர்த்து ஒரு காரை ஓட்டப் போகிறேன் என்று என் தங்கை வீட்டுக்காரர் சொன்னபோது நான் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை. "மாப்ள, ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரைய இன்னும் சாப்புடுறீங்களா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. நான் பீங்கான் பொம்மைக்கு மோல்டு போடுகிற விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் வாய்க்குப் பயந்து என் பக்கத்தில் மேசை போடாதவர்கள் உண்டு. அவர் கோபப்படவில்லை. சக்கர நாற்காலியை அரை வட்டம் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்போதெல்லாம் அவருடைய பதில் அதுதான்.

அவர் லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி சரிந்து, முதுகெலும்பில் அடி பட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து உயிரோடு வந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. அதைக்கூட அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். வீட்டுக்குள் பேசுவார், சிரிப்பார், தங்கையின் குழம்பில் குறை சொல்லுவார். எல்லாம் நல்லூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போகிறவரைதான்.

அந்த மண்டபத்துக்குப் பதினோரு படி. நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினோம். நாற்காலியின் முன்பக்கம் ஒரு மூலையைப் பிடித்திருந்தவன் நான். பாதிப் படியில் ஒருவனுக்குக் கை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அவர் விழவில்லை, ஆனால் என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேலே நின்றிருந்த பெண்கள் எல்லாரும் "அய்யய்யோ பாத்து, பாத்து" என்றார்கள். அவர் சாப்பிடவே இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குள் இறக்கி விட்டதும் சொன்னார்: "இதான் கடைசி மச்சான். இனிமே என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. வாசப்படிய நான் தாண்ட மாட்டேன்." ஏதோ மன வருத்தத்தில் சொல்கிறார், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு வருஷம் தாண்டவில்லை.

மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று கிடைத்தது. முதுகைப் பிடித்து நிறுத்துகிற சீட்டு இல்லாமல் அவரால் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தோம். பேச்சு குறைந்தது. பிறகு சிரிப்பு நின்றது. தங்கை என்னிடம் வந்து ஒரு நாள் நேராகவே சொன்னாள், "ண்ணா, அவுரு மூச்சு விடறாரு, அவ்வளவுதான்."

அந்த நிலைமையில் வந்த எஞ்சின் யோசனை அது. நான்தான் மாத்திரையைக் கேட்டு வைத்தேன். தங்கை என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்கினாள். "ரெண்டு வருஷத்துல இன்னிக்குதான் அவுரு வாயிலருந்து 'செய்யப் போறேன்'னு ஒரு வார்த்த வந்துச்சு. நீ வாய மூடிக்கிட்டு இருக்கறதா இருந்தா இங்க வா. இல்லன்னா வராத." நான் திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க மாப்ள, எப்படி?" என்றேன்.

அவர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வரைந்து காட்டினார். அவருடைய பட்டறையில் எஞ்சின் போன ஒரு பழைய சின்னக் கார் கிடந்தது. கார் எஞ்சின் வைத்தால் காலால் மிதிக்கிற கிளட்ச், காலால் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர் எல்லாம் வேண்டும். பைக்கில் கிளட்ச்சும் கையில், ஆக்ஸிலேட்டரும் கையில். கியரை மட்டும் காலால் போடுகிறோம். அதற்கு ஒரு கம்பி கொடுத்தால் கைக்கு வந்துவிடும். "எனக்கு இருக்கறது கைதான மச்சான். கையால ஓடற எஞ்சினு பைக்லதான் இருக்குது" என்றார். ஆனால் ஒரு பைக் எஞ்சின் ஒரு காரை இழுக்காது. அதனால் இரண்டு.

ஒரே மாடல் எஞ்சின் இரண்டு அவரிடம் முன்பே இருந்தன. அவற்றை அக்கம் பக்கமாக வைத்து, நடுவில் இரண்டின் கிராங்கையும், அதாவது பிஸ்டன் சுற்ற வைக்கிற அச்சை, ஒன்றோடொன்று நேராகப் பூட்ட வேண்டும். இடப்பக்க எஞ்சினில் கரண்ட் தருகிற காந்தத்தை வைத்துக்கொண்டு கியரைக் கழற்றிவிட வேண்டும். வலப்பக்க எஞ்சினில் கியரை வைத்துக்கொண்டு காந்தத்தைக் கழற்றிவிட வேண்டும். ஒன்று கரண்ட் தரும், இன்னொன்று கியர் தரும். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆனால் வெடிப்பது மாற்றி மாற்றி. ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று புகையை வெளியே தள்ளி மூச்சு வாங்கும். இதைச் சொல்லும்போது அவர் இரண்டு முஷ்டியையும் சேர்த்து ஏற்றி இறக்கிக் காட்டினார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இவ்வளவையும் தலைக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறானே என்று பிரமிப்பாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், ஒரே தரைமட்டத்தில் பட்டறை. அதனால் வாசற்படி தாண்டாமலே அவர் அங்கே போய்விடலாம். ஆனால் குனிய முடியாது, கனமானதைத் தூக்க முடியாது. அதற்கெல்லாம் தங்கைதான் கை. அவள் பேட்டையில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். சுண்டு விரல் அளவு முகத்தில் இரண்டு கண்ணையும் ஒரே பார்வை பார்க்கும்படி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு முகம் எழுதினாலும் கை நடுங்காது. ஆனால் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. முதல் வாரம் நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதற்கே இருவருக்கும் சண்டை. "எடதுபக்கம்னா உங்க எடதா, என் எடதா?" என்று கத்துவாள். மூன்றாவது வாரம் நான் போனபோது ஒரு எஞ்சினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பொம்மை காயவைக்கிற பலகையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். கறுப்பெண்ணெய் முழங்கை வரை. நெற்றியில் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்புப் பொட்டு. அவர் ஒன்றைக் காட்டி "அது?" என்றால் பேரைச் சொல்கிறாள். நான் வாயடைத்து நின்றது அபூர்வம் என்பதால் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுப்பெட்டிதான் என் வேலை. இரண்டு எஞ்சினையும் நடுவில் பிடித்து நிறுத்துகிற அலுமினியக் கூடு அது. அது கோணினால் அச்சு உடைந்துவிடும். கடலூர்ப் பக்கம் அலுமினியம் வார்க்கிற ஒரு பட்டறை இருந்தது. அவர்களுக்கு ஒரு மாதிரி உரு செய்து கொடுத்தால் அதை மணலில் பதித்து வார்த்துத் தருவார்கள். உரு செய்வது எனக்குக் கைவந்த வேலை. இருபத்தாறு வருஷமாக மோல்டு போடுகிறேன். மாப்பிள்ளை அளவு எழுதிக் கொடுத்தார். நான் பிளாஸ்டர் மாவைக் குழைத்து, நாலு நாள் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, கண்ணாடி மாதிரி செய்து கொடுத்தேன். இப்படி ஒரு உருவை அந்த வார்ப்புப் பட்டறைக்காரன் பார்த்திருக்கவே மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வார்ப்பு வந்தது. தங்கை அதை எஞ்சின் மேல் வைத்தாள். போல்ட் ஓட்டைகள் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. ஓரத்து ஓட்டை இரண்டு விரல் தள்ளி நின்றது. மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வார்ப்பைச் சாக்கில் போட்டுக் கட்டி, அப்படியே பஸ் ஏறி, கடலூர்ப் பக்கம் போய் இறங்கி, அந்தப் பட்டறை வாசலில் நின்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பட்டறைக்காரர் பொறுமைசாலி. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது உள்ளே போய் என் உருவை எடுத்துவந்தார். வார்ப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை என் கையில் கொடுத்தார். "நீங்களே அளந்து பாருங்க" என்றார்.

அளந்தேன். உருவே பெரிதாக இருந்தது. எட்டுக்கு ஒரு பங்கு பெரிது.

செராமிக்கில் மோல்டு போடுகிறவர்களுக்குத் தெரியும். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். எட்டு அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாதென்று நாங்கள் சொந்தமாக ஸ்கேல் கீறி வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செண்டிமீட்டர் என்பது கடை ஸ்கேலில் ஒன்றே அரைக்கால் செண்டிமீட்டர். என் ஸ்கேல் மூங்கில் பத்தை. அது என் சட்டைப்பையிலேயே இருக்கும். மகளுக்கு ஜன்னல் திரை தைக்கக்கூட அதில் அளந்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். மாப்பிள்ளையின் அளவுத்தாளை வலது கையில் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல் இடது கை அந்தப் பத்தையை எடுத்திருக்கிறது. அலுமினியம் நூற்றில் ஒரு பங்குதான் சுருங்கும். எல்லா ஓட்டைகளும் தன் இடத்தை விட்டு விலகிவிட்டன.

பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். நான் அங்கே குடித்த டீயின் சூடு இன்னும் தொண்டையில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு சத்தமாகத் திட்டிவிட்டு எவ்வளவு மெதுவாக மன்னிப்புக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னென்னவோ பொய் யோசித்தேன். மணல் சரியில்லை, அலுமினியம் சரியில்லை. ஆனால் சாக்கைக் கீழே வைத்து அவர் முதுகைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "மாப்ள, தப்பு என்னுது. பொம்மைக்கு வச்சிருக்கற ஸ்கேலுல அளந்துட்டேன்" என்றேன்.

அவர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார். வார்ப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதனால என்னா மச்சான், எடுத்துட்டுப் போயி உங்க சூளையில வச்சிச் சுடுங்க. சுருங்கிடும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. நாற்காலிக் கைப்பிடியில் அடித்து அடித்துச் சிரித்தார். "ஜன்னலுக்கு அளந்த மாதிரியா மச்சான்?" என்றார். எனக்கு ரோஷம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தங்கை நடைவாசலில் தூரிகையோடு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரிக்கிற சத்தத்தை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் நான் செய்த எந்தச் சரியான மோல்டும் அந்தத் தப்பான மோல்டு செய்த காரியத்தைச் செய்ததில்லை.

இரண்டாவது உருவைக் கடை ஸ்கேலில் அளந்து செய்தேன். தங்கை ஒவ்வொரு ஓட்டைக்கும் என் பின்னால் நின்று சரி பார்த்தாள். இந்த முறை போல்ட் எல்லாம் விரலாலேயே உள்ளே போயின. ஆனாலும் அச்சு இரண்டும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் நாள் பிடித்தது. கடிகாரம் மாதிரி முள் வைத்த ஒரு கருவியை அச்சின் மேல் வைத்து, அவள் அதைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் ஆடக் கூடாது. ஆடியது. கழற்றி, தாள் மாதிரி மெல்லிய தகடு வைத்து, மறுபடி பூட்டிச் சுற்றினாள். மறுபடி ஆடியது. நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினாலு முறை கழற்றிப் பூட்டினாள். பதினைந்தாவது முறை அச்சு முழு வட்டம் சுற்றியது. முள் தூங்குகிற மாதிரி கிடந்தது. "நின்னுடுச்சி" என்றாள். அவர் நாற்காலியிலிருந்து எட்டி முள்ளைப் பார்த்தார். அவளைத் திரும்பச் சுற்றச் சொன்னார். பிறகு அவள் கையைப் பிடித்து அந்தக் கறுப்பெண்ணெயோடு தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் வெளியே போய் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஸ்டார்ட் ஒரு காலை வேளையில். எஞ்சினைக் காரில் ஏற்றிப் பூட்டியாகிவிட்டது. பின்னால் போவதற்கு ஷேர் ஆட்டோவின் ரிவர்ஸ் பெட்டி ஒன்றும் சேர்த்திருந்தார்கள். தங்கை சுவிட்சைத் தட்டினாள். இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. நான் கை தட்டப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒண்ணுதான் வேல செய்யுது. இன்னொண்ணு சும்மா கூட வருது" என்றார். எனக்கு ஒரு சத்தம்தான் கேட்டது. தங்கை இரண்டு சைலன்சர் குழாய் மேலேயும் விரலைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இடது சுட்டது. வலது பச்சைத்தண்ணியாக இருந்தது. நிறுத்தி, வலப்பக்க பிளக் ஒயரைப் பிரித்து, கருகியிருந்த நுனியை வெட்டி, புதிதாகப் பூட்டினாள். மறுபடி சுவிட்ச்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? இரண்டு பைக் அடுத்தடுத்து நின்று உறுமுகிற சத்தம் இல்லை அது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் பிறந்தது. தரை வழியாக ஏறி என் முழங்காலுக்கு வந்தது. பலகையில் இருந்த ஸ்பேனர்கள் எல்லாம் மெல்ல நகர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் செய்த பெட்டிக்குள் இரண்டு அச்சு ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நொடிக்கு எத்தனையோ முறை. கை வைக்கப் போனேன். "தள்ளி நில்லு ண்ணா, கைய வாங்கிடும்" என்று தங்கை கத்தினாள்.

கையால் ஓட்டுகிறபடி எல்லாவற்றையும் மாற்ற இன்னும் இரண்டு மாதம். கியர் கம்பியிலேயே கிளட்ச் பிடியையும் வைத்துவிட்டார், ஒரே கையால் பிடித்து ஒரே கையால் போடலாம். பிரேக்குக்கு ஒரு நெம்புகோல். இந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் காகிதம் வாங்க வேண்டும், அதற்கு அலைவது தனிக் கதை. அதுவரை வீட்டை ஒட்டியிருக்கிற பேட்டை ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவன் நான். அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டை ஓய்ந்திருந்த நேரம். காரைப் பட்டறைக் கதவோடு ஒட்டி நிறுத்தினோம். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றி ஊன்றி, தானே நகர்ந்து உட்கார்ந்தார். காலைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். வேர்த்து ஊற்றியது. நானும் தங்கையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். தொடாமல் நிற்பதுதான் அன்றைக்கு எங்கள் வேலை, அதைப்போல் கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை.

முதல் சுற்று மெதுவாகப் போனார். இரண்டாவது சுற்றில் எங்களைக் கடக்கும்போது எங்களைப் பார்க்கவே இல்லை, ரோட்டைத்தான் பார்த்தார். மூன்றாவது சுற்றில் வளைவில் திரும்பவில்லை. நேரே பேட்டை கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். நான் "மாப்ள, மாப்ள" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சத்தம் தேய்ந்துபோனது. அவருடைய செல்போன் வீட்டில் கட்டிலிலேயே கிடந்தது.

கால் மணி நேரம் பார்த்தோம். அரை மணி ஆயிற்று. தங்கை "வருவாரு" என்றாள், ஆனால் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவழியில் நின்றுபோனால் இறங்கக்கூட முடியாத மனுஷன். காகிதம் இல்லாத வண்டி. அந்த அச்சு உடைந்தால், பழி என் பெட்டிக்கு. என் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜங்ஷன் பக்கம் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வேப்பூர் ரோட்டில் இளநீர் விற்கிறவரிடம், "பைக் சத்தம் போடற காரு ஒண்ணு போச்சாங்க?" என்று கேட்டேன். "அதான பாத்தேன். பின்னாடி ரெண்டு பைக்கு வருதுன்னு ஓரமா ஒதுங்கினேங்க, பாத்தா ஒரு காரு போவுது" என்றார்.

வழியெல்லாம் வேண்டாத சாமி இல்லை, மாப்பிள்ளையைத் திட்டாத வார்த்தை இல்லை. வேப்பூரில் ஹைவே ஓரம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. லாரி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நடுப்பெட்டியைத் தடவிப் பார்த்து, "இது எங்க வார்த்ததுங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை சீட்டில் சாய்ந்து, ஜன்னலில் கையை வைத்து, டீ கிளாஸோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலை யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது.

என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். "என்னா மச்சான், நீங்க இங்க?"

"உங்களத் தேடித்தான் வந்தேன். என்னா ஆளுங்க நீங்க? சொல்லாம கொள்ளாம..." என்று ஆரம்பித்தேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் சேர்த்து வைத்த கோபம் அது.

அவர் டீ கிளாஸைக் கீழே இறக்கினார். "என்னையத் தேடுனீங்களா?"

"பின்ன?"

"எங்கெங்க தேடுனீங்க?"

இது என்ன கேள்வி என்று எரிச்சலோடு சொன்னேன். ஜங்ஷன், பஸ் ஸ்டாண்ட், இளநீர்க் கடை. "பஸ் ஸ்டாண்டுல யாருகிட்ட கேட்டீங்க?" என்றார். சொன்னேன். "அவுங்க என்னா சொன்னாங்க?" அதையும் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வருஷமா நான் எங்க இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும் மச்சான். யாரும் தேட வேணாம். இன்னிக்குதான் தேட வேண்டியிருந்துது."

மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கெடச்சிட்டாரு பாப்பா. நல்லா இருக்காரு. டீ குடிக்கறாரு."

"எங்க இருக்காரு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்லாதீங்க என்று தலையை ஆட்டினார். திருட்டுச் சிரிப்பு. "அவுரு சொல்ல வேணாங்கறாரு பாப்பா" என்றேன்.

"சரி ண்ணா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்குத் தெரிய வேணாம். வச்சிடு."